கை முதலா, குடி முதலா

பிப்ரவரி 4

தங்கச்சிக்கு,

மில்லின் இரண்டு புகைபோக்கிகளில் பழையதை இடித்துத் தள்ளினார்களே, அந்த வருடம். அதே வருடந்தான் காலைச் சங்கு ஆறரையிலிருந்து ஆறுக்கு மாறியது. ஆற்றுப் பாலத்தில் லாரி போகக்கூடாது என்று இரும்புக் கம்பி நட்டதும், ரொட்டிக்கடைக்காரர் மனைவிக்கு ஒரே பிரசவத்தில் மூன்று பெண் குழந்தைகள் பிறந்து ஊரே வரிசையில் நின்று பார்த்ததும் அப்போதுதான். உனக்குப் பன்னிரண்டு வயது, முன்பல் ஒன்று உடைந்திருந்தது. எனக்கு இருபத்து மூன்று. அந்த வருடத்துக் கடைசி மழை விட்ட அன்று அப்பா வீட்டுப் பூட்டைத் திறக்க முடியாமல் வாசலில் நின்றார்.

நீ வருடம் கேட்டிருந்தாய். எனக்கு எண் தெரியாது. இதையெல்லாம் வைத்து நீயே கண்டுபிடித்துக்கொள், நீதான் படித்தவள்.

நாற்பத்தாறு வருடம் கழித்து உன் கடிதம். எனக்கு வரும் தபாலைத் தெருமுனை முடிதிருத்தும் கடைக்காரர்தான் படிப்பார். பதிலையும் அவரே எழுதுவார். அவர் உன் கடிதத்தை உரக்கப் படித்தபோது கடையில் மூன்று பேர் காத்திருந்தார்கள். ஒருவருக்குப் பாதி முகத்தில் சோப்பு. உனக்கு உடம்பு இப்படி என்று தெரிந்திருந்தால் அவர்களை வெளியே நிற்கச் சொல்லியிருப்பேன். படிக்கத் தெரியாதவனுக்கு ரகசியம் ஏது.

அப்பாவுக்குக் கை முதலில் போனதா, குடி முதலில் வந்ததா என்று உன் டாக்டர் கேட்கச் சொன்னாராம். கையைப் பற்றிச் சொல்கிறேன். வலது கைக் கட்டைவிரல்தான் ஆரம்பம். சாவியைப் பிடிப்பார், திருப்ப வராது. அப்புறம் பாய்லர் ஷெட்டில் நீராவி வால்வின் சக்கரம் அவருக்கு மசியவில்லை. நான் அதே ஷெட்டில் தினக்கூலி, யாரும் பார்க்காதபோது ஓடிப்போய்த் திருப்பிவிடுவேன். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே சதை பள்ளம் விழுந்துவிட்டது. நீ அதில் கோலிக்குண்டு வைத்து விளையாடினாய், அது உருளாமல் நிற்கும். தோளில் தோலுக்கு அடியில் எப்போதும் ஏதோ துடித்துக்கொண்டிருக்கும், தூறல் விழுகிற குட்டை மாதிரி. பேச்சு குழறியது அடுத்த கோடையில். இடது கால் இழுத்தது அதற்கு இரண்டு மாதம் கழித்து.

"ஐயா, அவங்க கேட்டது குடியப் பத்தி. நீங்க மூணு கொழந்தை பொறந்ததெல்லாம் சொல்லிட்டீங்க," என்கிறார் எழுதுகிறவர்.

"நீ எழுதுறத எழுது தம்பி."

குடியைப் பற்றி இன்னொரு கடிதத்தில் சொல்கிறேன். பேனாவில் மை குறைந்துவிட்டது.

உன் அண்ணன்

(மை நிறைய இருக்கிறது. - எழுதியவர்)


பிப்ரவரி 19

அண்ணனுக்கும், கடையில் காத்திருக்கும் மூன்று பேருக்கும்,

இதை இடது கையால் எழுதுகிறேன், கோணலை மன்னிக்கவும். வலது கை மடியில் கிடக்கிறது. காப்பீட்டு அலுவலகத்தில் முப்பது வருடம் தட்டச்சு செய்த கை. முதலில் சுண்டுவிரல் ஓர் எழுத்தைத் தவறவிட்டது. மேலாளர் கண்ணைப் பரிசோதிக்கச் சொன்னார்.

என்ன வியாதி என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். உன் மில்லையே வைத்துக்கொள். மேனேஜர் அறையிலிருந்து ஷெட்டுக்கு உத்தரவு போகிற கம்பிகள் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றாகக் கருகிப்போகின்றன. ஏன் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. மேனேஜர் உள்ளே உட்கார்ந்து கத்திக்கொண்டே இருக்கிறார், ஷெட்டில் ஒன்றும் அசைவதில்லை. உத்தரவு வராத தசை சும்மா கிடந்து கரைந்துவிடுகிறது. கை, கால், நாக்கு, தொண்டை, கடைசியில் மூச்சு. ஆனால் ஷெட்டிலிருந்து மேனேஜருக்குத் திரும்பி வருகிற கம்பிகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. கொசு கடித்தால் தெரிகிறது, சொறிய முடியாது. காது கேட்கிறது. எனக்குப் புத்தி முன்பு இருந்தபடியே இருக்கிறது. குணமாக்க மருந்து இல்லை. கொஞ்சம் தள்ளிப்போட ஒரு மாத்திரை இருக்கிறது, விழுங்குகிறேன்.

நூறு பேரில் தொண்ணூறு பேருக்கு இது குடும்பத்தில் வருவதில்லையாம். மிச்சப் பத்துப் பேரில் நான் ஒருத்தியா என்பதுதான் கேள்வி. அப்பாவுக்கு இருந்தது இதே வியாதி என்றால் நான் அந்தப் பத்தில் சேர்வேன். அவர் குடித்துக் கெட்டவர் என்றால் பயப்படக் காரணம் குறைவு. என் மகளுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். உன் பதில் தெரியும்வரை பிள்ளை வேண்டாம் என்றிருக்கிறாள்.

எனக்கு நினைவில் இருப்பது நாற்றம்தான். வேலைக்குக் கிளம்பும்போதே அவர் சட்டைக் காலரில் சாராயம். உன் பையில் பாட்டிலைப் பார்த்தேன். நீதான் வாங்கிக் கொடுத்தாய். அம்மா செத்த அன்று பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தார். நான் அவரைக் குடிகார நாய் என்றேன். சின்னம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அன்றைக்கே கிளம்பிவிட்டேன்.

கை முதலா, குடி முதலா? ஒரு வரி போதும். ரொட்டிக்கடைப் பெண்கள் நலமா என்று நான் கேட்கவில்லை.

தங்கை


மார்ச் 11

தங்கச்சிக்கு,

இன்று கடைக்கு விடுமுறை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். மூன்று வாரமாக இவர் "இன்னைக்கு எழுதலாமா ஐயா" என்று கேட்பதும், நான் "இன்னைக்கு வேணாம், தாடியை மட்டும் எடு" என்பதுமாகப் போயிற்று. இனி எடுக்கத் தாடி இல்லை.

ஒரு வரி கேட்டாய். கை முதல். குடி வரவே இல்லை. அப்பா தன் ஆயுளில் ஒரு சொட்டுக் குடித்தவர் இல்லை.

இவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "என்ன ஐயா சொல்றீங்க? இந்தத் தெருவுல எவனாவது தள்ளாடுனா, பாய்லர்காரர் மாதிரி போறான் பாருன்னுதான சொல்வோம்?"

"எழுது தம்பி. விட்டா அப்புறம் சொல்ல மாட்டேன்."

மில்லின் சட்டம் உனக்குத் தெரிந்திருக்காது, நீ சின்னப் பெண். குடித்துவிட்டு வந்தவனை மூன்று நாள் வெளியே நிறுத்துவார்கள், நாலாம் நாள் உள்ளே விடுவார்கள். குடிக்காத ஆளே அங்கே குறைவு, எல்லோரையும் அனுப்பினால் மில் ஓடாது. ஆனால் உடம்புக்கு ஆகாதவன் என்று மில் டாக்டர் எழுதிவிட்டால் அன்றே வேலை போய்விடும், மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வீடு மில்லுடையது. எனக்கு நிரந்தரமாக இன்னும் ஏழு மாதம் இருந்தது. நிரந்தரமாகிவிட்டால் வீடு என் பெயருக்கு மாறும்.

ஒருநாள் மேஸ்திரி அப்பா நடப்பதைப் பார்த்தார். "என்னய்யா உங்க அப்பனுக்கு, காலு பின்னுது? டாக்டர்கிட்ட அனுப்பவா?" என்றார். என் வாயில் முதலில் வந்தது, "இல்ல மேஸ்திரி, ராத்திரி போட்டது இன்னும் எறங்கல." அவர் சிரித்தார். "பூனை மாதிரி இருந்த மனுஷன், இந்த வயசுலயா?" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார். அவ்வளவுதான், தங்கச்சி. அப்பா இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் முதல், நீ எழுந்திருப்பதற்கு முன், சமையலறையில் அப்பாவை நிற்கவைத்துக் காலரிலும் மார்பிலும் சாராயம் தடவினேன். மோந்து பார்க்கிற வாட்ச்மேனுக்காக உதட்டிலும் தடவினேன். முதல் நாள் அவர் "வேணாம்டா" என்றார். குழறிக் குழறித்தான் சொன்னார், ஆனால் புரிந்தது. நாற்றம் பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் நினைக்க வேண்டியிருந்தது. அடுத்தடுத்த நாள்களில் முகத்தை மட்டும் தூக்கிக் காட்டுவார், சவரத்துக்குக் காட்டுகிற மாதிரி. மூன்று தடவை வெளியே நிறுத்தினார்கள், மற்ற நாள்களில் கண்டும் காணாமல் விட்டார்கள். ஏழு மாதம் ஓடியது. நான் நிரந்தரமானேன்.

அம்மாவிடமும் சொல்லவில்லை. அம்மா வாயில் எதுவும் நிற்காது, குழாயடியில் சொல்லிவிடுவாள். அந்த ஏழு மாதத்துக்குள்ளேயே அம்மா காய்ச்சலில் போனாள், புருஷன் குடிகாரனாகிவிட்டான் என்ற கவலையோடு.

முதல் கடிதத்தில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். என் பெரியவனுக்கு நாற்பத்து மூன்று வயது, டவுன் பஸ் ஓட்டுகிறான். நாலு மாதமாகச் சட்டைப் பொத்தானைப் போட வரவில்லை அவனுக்கு. பேச்சிலும் கொஞ்சம் கொழகொழப்பு. என் மனைவி தினமும் அவன் வீட்டுக்குள் நுழைந்ததும் வாயை மோந்து பார்க்கிறாள். "தாத்தன் ரத்தம் எங்கடா போகும்" என்கிறாள். நாற்றம் இல்லை என்றால், எதையோ மென்றுவிட்டு வருகிறான் என்று இன்னும் கத்துகிறாள்.

கை முதல் என்று உனக்குச் சொன்னால் அவனுக்கும் சொன்ன மாதிரி. அதனால்தான் மை குறைந்தது.

அண்ணன்


மார்ச் 30

அண்ணனுக்கு,

எழுதுவது என் மகள், சொல்வது நான். என் பேச்சு இப்போது அவளுக்கு மட்டும்தான் புரிகிறது. ஒரு வார்த்தையைக்கூட மாற்றக்கூடாது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். மாற்ற வேண்டும் போல அவளுக்கு இருக்கும்.

வீட்டைக் காப்பாற்றினாய். அந்த வீட்டில்தான் நானும் சாப்பிட்டேன், தூங்கினேன். அதனால் உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை. நிஜமாகவே இல்லை, நாக்கு புரளுவதில்லை. ஆனால் நிரந்தரமான பிறகு? அப்பா செத்த பிறகு? நாற்பத்தாறு வருடத்தில் சின்னம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம். நான் என் பள்ளிப் படிவத்தில், அலுவலகப் படிவத்தில், கல்யாணம் பேசுகிற இடத்தில் எல்லாம் அப்பாவைப் பற்றிக் கேட்டபோது தலையைக் குனிந்தேன். உன் கோலிக்குண்டுக் கணக்கு உனக்கு நினைவிருக்கிறது. அவர் ஒரு மனிதர் என்பது மறந்துவிட்டது.

இன்னொன்று. டாக்டர் எனக்கு என்ன வியாதி என்று சொன்ன அன்று என் மகள் அழுதாள். நான் சிரித்தேன். அடக்க அடக்க வந்தது. செவிலியர் கதவைச் சாத்தினார். இந்த வியாதியில் அப்படி வருமாம். உள்ளே அழுகையாக இருக்கும், முகத்தில் சிரிப்பாக வெளியேறும். பிடித்து நிறுத்துகிற கம்பியும் கருகியதில் சேர்த்தி.

அம்மாவின் பிணத்துக்குப் பக்கத்தில் அப்பா சிரித்தாரே, அது அதுதான். நான் அவரை நாய் என்றேன். அவருக்குக் காது நன்றாகக் கேட்டது.

உன் மகனை நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போ. அவனுக்கு இதுதான் என்று நீ முடிவு கட்டாதே, கழுத்து எலும்பு அழுத்தினாலும் கை இப்படி ஆகும். ஆனால் அப்பாவைப் பற்றி டாக்டரிடம் சொல். சொன்னால்தான் அவர் சரியான இடத்தில் தேடுவார்.

தங்கை


ஜூன் 2

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை இவர் இரண்டு தடவை படித்தார். இரண்டாவது தடவை வேகமாகப் படித்தார். நான் உனக்குச் சொல்லாமல் விட்டது இன்னும் ஒன்று இருக்கிறது.

கடைசிப் பதினோரு மாதம் அப்பா படுக்கையில் கிடந்தார். கண் மட்டும் நான் போகிற பக்கமெல்லாம் வரும். புத்தி போய்விட்டது, சும்மா பார்க்கிறார் என்று நினைத்தேன். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் அவரைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுக்கவைத்தேன். சுவரில் சுண்ணாம்பு உரிந்து ஓர் இடத்தில் வாத்து மாதிரி இருக்கும். பதினோரு மாதமும் அதைத்தான் பார்த்தார். புத்தி அப்படியே இருக்கும் என்று நீ எழுதியதிலிருந்து அந்தச் சுவர்ப் பக்கம் நான் படுப்பதில்லை.

பெரியவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நானும் அவனும் மட்டும் போவதாக இருந்தது. இவள், அவன் அம்மா, செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். டாக்டர் சின்ன வயசுப் பெண். சுத்தியலால் முட்டியைத் தட்டினாள், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள், கட்டைவிரலைப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். அந்தப் பள்ளத்தை நானும் பார்த்தேன். அப்புறம் கேட்டாள்.

"குடும்பத்துல வேற யாருக்காவது கை கால் இப்படிப் போயிருக்கா?"

நான் வாயைத் திறந்தேன். இவள் முந்திக்கொண்டாள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. இவங்க அப்பா குடிச்சே செத்தாரு. இவனும் அந்த வழிதான். குடிய விடச் சொல்லுங்க, எல்லாம் சரியாப் போகும்."

"குடிப்பீங்களா?" என்று டாக்டர் அவனைக் கேட்டாள்.

"இல்ல டாக்டர்," என்றான். அந்த 'ல' ஒழுங்காக வரவில்லை. டாக்டர் எங்கள் மூன்று பேரையும் பார்த்துவிட்டு எதையோ எழுதினாள். கழுத்துக்குப் படம் எடுக்கச் சொல்லியிருக்கிறாள். அதற்கு நாலு மாதம் தள்ளி நாள் கொடுத்திருக்கிறார்கள்.

நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். அதுதான் நடந்தது. திரும்பி வரும்போது அவனை பஸ் படியில் ஏற்றிவிட்டேன். கையைப் பிடித்தபோது தோலுக்கு அடியில் துடித்தது.

அண்ணன்


செப்டம்பர் 14

மாமாவுக்கு,

அம்மாவுக்கு இப்போது கண் மட்டும்தான் அசைகிறது. எழுத்துகள் எழுதிய கண்ணாடி அட்டையை நான் முகத்துக்கு எதிரே பிடிக்கிறேன், அவர் பார்க்கிற எழுத்தைச் சேர்த்துக்கொண்டே போகிறேன். கீழே இருக்கும் வரிகளுக்கு இரண்டு பகல் ஆனது. நடுவில் இரண்டு தடவை அம்மா சிரித்தார், அது சிரிப்பு இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

உங்கள் கடிதத்தை டாக்டரிடம் காட்டினேன். அதை வைத்து அம்மாவின் ரத்தத்தைச் சோதித்துக் குடும்பத்தில் வருவதுதான் என்று கண்டுபிடித்தார்கள். பிறகு என்னையும் சோதித்தார்கள். எனக்கு அது இல்லை. ஒரு தலைமுறையில் தெரியாமல் அடுத்ததில் தெரிவதும் உண்டாம். உங்கள் மகனுக்காக, அத்தானுக்காக, இதைச் சொல்கிறேன். இனி அம்மா:

அண்ணா.
என் மகளுக்குச் சொன்னாய்.
உன் மகனுக்குச் சொல்லவில்லை.
டாக்டர் ஏட்டில் அப்பா இன்னும் குடிக்கிறார்.


செப்டம்பர் 22

தங்கச்சிக்கு,

இன்றும் கடைக்கு விடுமுறை. இன்று இவளையும் கூட்டிவந்திருக்கிறேன். தங்கச்சிக்குக் கடிதம் எழுத வேண்டும், நீயும் வந்து உட்காரு என்று சொன்னேன். உனக்குத் தெரிந்ததைத்தான் மறுபடி சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள். வீட்டில் ஆறு மாதமாகச் சொல்லப் பார்த்தேன். தட்டு வைப்பாள், வாய் திறப்பேன், "உப்பு கம்மியா?" என்பாள். ஆமாம் என்றுவிடுவேன். இந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் எனக்கு நாக்கு புரளுகிறது.

"கடுதாசியை வீட்டுலயே எழுதக் கூடாதா? முடி வெட்டுற எடத்துல பொம்பளைய உக்கார வச்சிருக்கீங்க," என்கிறாள்.

"அம்மா, அந்த நாற்காலி சுத்தும். பாத்து உக்காருங்க," என்கிறார் எழுதுகிறவர். அவருக்கு என்னைவிட வியர்க்கிறது.

நேற்றே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். டாக்டர் பெண் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாள், பழையதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். பெரியவனை நாளை மறுநாள் வரச் சொல்லியிருக்கிறாள். அவனிடமும் சொல்லிவிட்டேன். டிப்போவில், நின்ற பஸ்ஸுக்குள், கடைசி சீட்டில். அவன் ஸ்டீயரிங் பக்கம் திரும்பிப் பார்த்தான். "அப்ப நான் பைத்தியம் இல்லப்பா," என்றான். "நான் குடிக்கிறேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு." நாளையிலிருந்து வண்டி எடுக்கமாட்டான். அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டான்.

தங்கச்சி, நம் அப்பா குடிக்கவில்லை.

"யாரு குடிக்கல?" என்கிறாள் பின்னாலிருந்து.

நம் அப்பா. அவருக்கு இருந்தது உனக்கு இருக்கிற வியாதி. சாராயத்தை அவர் மேல் தடவியது நான். வேலையும் வீடும் போகாமல் இருக்க அவரைக் குடிகாரர் ஆக்கியது நான்.

கண்ணாடியில் இவளைப் பார்க்கிறேன். முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்க்கிறாள்.

அந்தப் பொய்யை யார் யாரிடம் சொன்னேன் என்று ஒருத்தர் விடாமல் நினைவிருக்கிறது. முதலில் மேஸ்திரி. அவர் மில் மூடிய வருடம், பேத்தியின் கல்யாணத்துக்கு மறுநாள், மாடிப்படியில் உட்கார்ந்தபடி செத்தார். அடுத்தது வாட்ச்மேன். அவருக்கு மூக்கே போய்விட்டது கடைசியில், சோறு தீய்ந்தாலும் தெரியாது. போய்ப் பன்னிரண்டு வருடம். மில் டாக்டர் மகன் வீட்டுக்கு வெளியூர் போனார், பெட்டியில் திரும்பி வந்தார். அம்மா போனது உனக்குத் தெரியும். சின்னம்மா போன வருடம் போனாள், கடைசியாகப் பார்த்தபோதுகூட "அந்தக் குடிகாரனால எம் பொண்ணு உங்களோட ஒட்டாமப் போச்சு" என்றாள். நான் தலையை ஆட்டினேன். நீ நம்பினாய், இனி நம்பமாட்டாய்.

அதன் பிறகு நான் அதைச் சொன்னது ஒரே ஒரு ஆளிடம். பெண் பார்க்கப் போன வீட்டில், ஜன்னல் ஓரம் நின்று ஒரு பெண் கேட்டாள்: "உங்க அப்பா குடிச்சுச் செத்தாராமே, நீங்களும் குடிப்பீங்களா?" நான் சொன்னேன்: "அவர் குடிச்சார். நான் தொட மாட்டேன்." அந்த ஒரு வார்த்தையை நம்பி என் பின்னால் வந்தாள். அதை நம்பித்தான் பெற்ற பிள்ளையின் வாயைத் தினமும் மோந்து பார்த்தாள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை.

மேலே சொன்ன பெரியவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள், யாரிடமும் போய் அப்பா நல்லவர் என்று சொல்ல முடியாது. என் வாயால் அந்தப் பொய்யைக் கேட்டு நம்பியவர்களில் இந்த ஊரில் உயிரோடு மிச்சம் இருப்பது ஒருத்தி. எழுதுகிறவர் பேனாவைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்க்கிறார். எழுது தம்பி, எதுக்கு நிறுத்துற: என் மனைவி.